ஓடுதுதானே என்று விட்ட விளக்கு

பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும்போதுதான் அந்த மஞ்சள் விளக்கை முதலில் கவனித்தோம். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் கடன்பட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் டூரிங் பைக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு புதுசு என்பது கனவாகிப்போன காலத்தில் வாங்கியது. எரிந்தது ஏபிஎஸ் விளக்கு. சாவியைத் திருப்பினால் அது எரியத்தான் வேணும், பைக் நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் தானாக அணையவும் வேணும். எங்களுடையது பசறை போய்த் திரும்பியும் அணையவில்லை.

முதல் கராஜில் பாஸ் பற்றரி வயரைக் கழட்டி, ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் விட்டு, மறுபடி மாட்டினார். ரோட்டில் இறக்கியதும் விளக்கு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது கராஜில், "பிரேக் பிடிக்குதுதானே தம்பி? பிறகென்ன? ஒரு கறுப்பு டேப் ஒட்டிடுங்க" என்றார்கள். ஒட்டினோம். வெட்கமாகத்தான் இருக்கு, மூன்று வாரம் அப்படியே ஓடினோம்.

அவர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. அந்த விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். இல்லாமல் போவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற வேலை. சக்கரத்தோடு சுற்றும் ஒரு பல் வளையத்தை சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரத்தின் எண்ணிக்கை திடீரென விழுந்தால், அது வழுக்கப்போகுது என்று புரிந்து, பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். டிராக்ஷன் கன்ட்ரோலும் இதே எண்ணிக்கையை நம்பித்தான் இருக்கு. காய்ந்த ரோட்டில் இது இல்லாத குறையே தெரியாது. பனி மூடிய காலையில், சேறு வழிந்த தோட்ட ரோட்டில், லுணுகலைப் பக்கம் இறங்கும் வளைவில்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்?

ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணினோம். கோட் பார்க்கிற மெஷின் இங்கே இல்லை, கொழும்புக்குக் கொண்டு வாங்க என்றார்கள். ஏபிஎஸ் வேலை செய்யாத பைக்கை ஏபிஎஸ் பார்ப்பதற்காக மலை முழுக்க இறக்கிக் கொண்டுபோக வேண்டுமாம்!

எங்கள் கோபம் இங்கேதான். முன்பு வந்த எத்தனையோ ஹொண்டா பைக்குகளில் எஞ்சின் கோளாறை விளக்கே கண் சிமிட்டிச் சொல்லும். நீளச் சிமிட்டு பத்து, குட்டைச் சிமிட்டு ஒன்று. இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் 21, ஒட்சிசன் சென்சாரைப் பாருங்கள் என்று அர்த்தம். எண்ணத் தெரிந்த யாருக்கும் அது போதும். இப்போது எத்தனையோ பைக்குகளில் கோளாறின் பெயர் ஒரு மெஷினுக்குள் பூட்டிக் கிடக்கு. பைக் நம்முடையது, அதன் நோய் மட்டும் கம்பெனியுடையது.

கடைசியில் கட்டாரில் வேலை செய்யும் சிநேகிதன் ஒருத்தன், இந்த வகை பைக்குக்கென்று இருக்கிற அடாப்டரை ஊருக்கு வந்த ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். போனில் ஆப்பைப் போட்டுப் பார்த்தால் ஒரே வரி: பின் சக்கர வேக சென்சார், சிக்னல் இல்லை. சென்சாரைக் கழட்டி சேற்றைத் துடைத்தோம். சரிவரவில்லை. சென்சாரே போய்விட்டது, புதுசுதான் வாங்கணும் என்று ஒருத்தன் விலை தேட ஆரம்பித்துவிட்டான். இன்னொருத்தன் வயரைப் பிடித்துக்கொண்டே போனான், சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டர் வரைக்கும். பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு. எங்கள் பனியும் மழையும் உள்ளே இறங்கி வேலையைக் காட்டியிருக்கு. ஸ்பிரே அடித்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, கிரீஸ் வைத்து மூடி, கோடை அழித்தோம். ஹாலி-எல ரோட்டில் எடுத்து நகர்ந்த கொஞ்ச தூரத்திலேயே விளக்கு அணைந்தது.

டேப் ஒட்டச் சொன்ன பாஸ் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அந்த ஒரு வரி கையில் கிடைத்திருந்தால் அவர் எங்களைவிட வேகமாக அந்தக் கனெக்டரைக் கண்டுபிடித்திருப்பார். எச்சரிக்கை மட்டும் கொடுத்து, அதற்குமேல் ஒன்றும் செய்ய வழி கொடுக்காவிட்டால் ஆட்கள் டேப்தான் ஒட்டுவார்கள். ஊவாவில் இதை பைக்கை வைத்துப் படிக்க வேண்டியதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை மண் மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள். சனம் ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டவர்கள், எங்கே போவது என்பதற்குப் பதில் சொல்லவில்லை. ஒரு பைக் விளக்கை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஐரோப்பாவில் 168/2013 என்ற சட்டப்படி, மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் ரிப்பேர் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தாக வேணும். இந்தியாவில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று அரசே ஒரு இணையத்தளம் தொடங்கியது. இங்கேயும் இறக்குமதி செய்கிறவர்களிடம் இதைக் கேட்கலாம்: விற்கிற பைக்கின் கோட் பட்டியலையும் வயரிங் படத்தையும் கொடுங்கள், சிங்களத்திலும் தமிழிலும் கொடுங்கள். பதுளை டவுனில் ஒரு கராஜிலாவது அதைப் படிக்கிற மெஷின் இருக்கட்டும்.

அது நடக்கும்வரை நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கோம். உங்கள் பைக்கின் கோட் பட்டியல் எந்த மொழியில் கையில் இருந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். தமிழில் எழுதி, ஒரே தாளில் அடித்து, முதலில் அந்த இரண்டு கராஜுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம்.