முகத்தைக் கொஞ்சம் தெளிவாகக் காட்டுங்களேன்!

வாட்ஸ்அப்பில் "டிபி" என்று சொல்கிறார்களே, அந்தச் சின்ன வட்டத்தைப் பற்றி இன்று கொஞ்சம் புலம்பப் போகிறேன்.

நம் வயதுக்காரர்கள் அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் பிள்ளையார். இன்னொருவர் உதயசூரியன் (கட்சி இல்லை, காலை வணக்கம்). மூன்றாமவர் பேத்தியின் முதல் பிறந்தநாள் படம். நான்காமவர் தன் படத்தைத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அது ஏதோ ஒரு கல்யாணத்தில் முப்பது பேரோடு நின்று எடுத்ததிலிருந்து வெட்டியது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இருக்கிறது என்று நாமே யூகித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்றவரின் காது இலவச இணைப்பு.

"என் படம், என் இஷ்டம், உனக்கென்ன?" என்று கேட்கலாம். பிள்ளையார் மீதோ பேத்தி மீதோ எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என் கட்சி இதுதான்: அந்தப் படத்தை நாம் வைப்பது நமக்காக இல்லை. நம் முகம் நமக்குக் கண்ணாடியிலேயே கிடைக்கிறது. அது பார்க்கிறவர்களுக்காக வைப்பது. ஆகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பழைய பள்ளித் தோழர்கள் குழு என்று ஒன்று இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. அதில் பாதிப் பேரின் எண்ணை நாம் சேமித்து வைத்திருக்க மாட்டோம். ஓர் எண்ணும், அவரே சூட்டிக்கொண்ட பெயரும்தான் தெரியும். குழுவில் மூன்று ராமமூர்த்திகள் இருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது எந்த ராமமூர்த்தியை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐம்பது வருஷம் கழித்தும் ஒரு முகத்தைப் பார்த்தால் "அட, இவனா!" என்று சட்டென்று பிடிபடும். பார்க்கிற நாமோ, கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்யப் போகிறவர்கள், தள்ளிப்போடுகிறவர்கள் என்று மூன்று வகை. வட்டமோ கட்டைவிரல் நகம் அளவு. அதிலும் மங்கல் படம் என்றால் என்ன செய்வது?

அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்களை எடுத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைதான். ஆனால் சட்டைப் பித்தானில் எத்தனை ஓட்டை என்று எண்ணலாம். பெரிய ஃபிலிம், இரண்டு பக்கமும் விளக்கு, "ஆடாதீங்க சார்" என்ற அதட்டல். எல்லாவற்றுக்கும் மேலாக நெகடிவ் என்று ஒன்று இருந்தது. எத்தனை காப்பி வேண்டுமானாலும் அந்த அசலிலிருந்தே போட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்குக் கையிலிருக்கும் செல்போன் கேமராவும் மட்டமானதில்லை. நாம் அசலைத் தொலைத்துவிட்டு நகலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். செல்போனில் எடுக்கும் படம் அகலத்தில் 4000 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் நிற்கும் கல்யாணப் படத்தில் ஒரு முகத்தின் பங்கு 100 புள்ளி வந்தால் அதிகம். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அகலம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். முகத்துக்கு மிஞ்சுவது 40. டிபிக்கு வாட்ஸ்அப் ஒதுக்கும் இடம் சுமார் 640-க்கு 640. நாற்பதை இழுத்து அறுநூற்று நாற்பதாக்கினால் முகம் எங்கே இருக்கும்? ஒரு கரண்டி மாவில் ஊருக்கே தோசை வார்த்த கதைதான்.

இன்னொன்றும் நடக்கிறது. படங்களைச் சேமிக்கும் ஜேபெக் என்ற முறை 1992-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்களைக் கழித்துவிட்டு இடத்தை மிச்சம் பிடிக்கும். ஒரு தடவை கழித்தால் தெரியாது. அனுப்பி, வாங்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டி, மறுபடி அனுப்பி என்று ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கழிந்துகொண்டே போகும். ஆபீஸில் டைப் அடித்த காலத்து ஐந்தாவது கார்பன் காப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் இருக்கும், படிக்கத்தான் முடியாது.

தெளிவான படத்துக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். முதலில் கேமரா லென்ஸை மெத்தென்ற துணியால் துடையுங்கள். பாதி மங்கல் நம் விரல் எண்ணெய்தான். காலை வேளையில் ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கரியாகிவிடும். செல்ஃபி வேண்டாம். வீட்டில் யாரையாவது பின்பக்கக் கேமராவால், ஜூம் செய்யாமல், கிட்டே வந்து எடுக்கச் சொல்லுங்கள். வட்டத்தில் நான்கு மூலையும் வெட்டுப்படும், அதனால் தலையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடட்டும். அடுத்தவர் போனில் எடுத்தால், படத்தை "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அப்படி வந்தால் சுருங்காது.

ஒரே ஓர் எச்சரிக்கை. மங்கலைப் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்று வரும் செயலிகளை நம்பாதீர்கள். இல்லாத விவரத்தை அவை எங்கிருந்து கொண்டுவரும்? கற்பனை செய்துதான் போடும். விழுந்த பல் முளைத்திருக்கும், கண் வேறு யாருடையதாகவோ இருக்கும். சுருக்கத்தை மறைக்கும் அழகு வசதியும் அப்படித்தான். அது முகத்தைத் தேய்த்து மங்கலாக்கிவிட்டு அதற்கு அழகு என்று பெயர் வைக்கிறது. அறுபது வருஷம் வெயிலில் சம்பாதித்த சுருக்கம், இருந்துவிட்டுப் போகட்டுமே.

"படத்தை யாராவது திருடிவிட்டால்?" என்ற பயம் நியாயமானது. பெண்களுக்கு இன்னும் நியாயமானது. தங்கள் படத்தை வைக்கவே இங்குள்ள பெண்கள் தயங்குகிறார்கள் என்று தெரிந்துதான் ஃபேஸ்புக், முகப்புப் படத்துக்குக் காவல் போடும் வசதியை 2017 ஜூனில் இந்தியாவில் கொண்டுவந்தது. வைக்க விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது. ஆனால் மங்கலாக வைப்பது பாதுகாப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். திருடனுக்கும் தேவை அந்த நகமளவு வட்டம்தான், அதற்கு மங்கல் படமே போதும். வாட்ஸ்அப் அமைப்புகளில், நம் படத்தை நாம் சேமித்து வைத்திருக்கும் தொடர்புகள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிட்டால் அந்நியர் கண்ணில் படாது. உண்மையான பாதுகாப்பு அது.

அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன். தெளிவான முகம் அடையாளம் கண்டுகொள்ளத்தான், அத்தாட்சி இல்லை. புது எண்ணிலிருந்து மருமகன் படத்தோடு "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று செய்தி வந்தால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. ஒரு வீட்டில் துக்கம் நடந்தால், முதல் ஒரு மணி நேரத்திலேயே "நல்ல போட்டோ ஒண்ணு இருக்கா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பிள்ளைகள் அழுதுகொண்டே போனைக் குடைகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் டிபிதான். 640 புள்ளிப் படத்தை 12 அங்குல அகலச் சட்டத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 53 புள்ளி. நல்ல அச்சுக்கு 300 வேண்டும், 150 இருந்தாலாவது ஒப்பேற்றலாம். அப்புறம் மாலை போட்டு, பொட்டு வைத்து, வருஷக்கணக்கில் சுவரில் மாட்டி வைப்பது ஒரு மங்கலான உருவத்தை. எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க அந்த வீட்டுக்காக ஓடியவரின் முகம், பிறகு பிறக்கும் பேரன்களுக்குச் சரியாகத் தெரியவே தெரியாது.

இதைச் சொன்னால் அபசகுனம் என்பார்கள். உயில் எழுதுவதையும் அப்படித்தான் சொன்னார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, பிறந்தநாளோ பொங்கலோ, ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நகலை டிபியில் வையுங்கள். அசலைச் சுருக்காமல் பிள்ளைகளிடம் கொடுத்து, எங்கே பத்திரப்படுத்தினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவுக்கும் ஒன்று எடுங்கள். எல்லாப் படத்திலும் பின்வரிசையில் பாதி முகத்தோடு நிற்பவர் அவர்தான்.