விருதுநகர் - செங்கோட்டை: 11 நிமிஷக் கணக்கு

எங்க ஊர்ப் பக்கம் ரயில் பேச்சு வந்தாலே, "நம்ம லைனுக்கு வந்தே பாரத் எப்போ வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை இது. 2000களின் தொடக்கத்தில் அகலப்பாதையானது. செங்கோட்டைக்கு அப்பால் புனலூர் மலைப்பாதை 2010-இல் மூடி, 2018-இல்தான் மறுபடி திறந்தது. இப்போது மின்சார ரயிலும் ஓடுகிறது. ஆனால் இன்னும் ஒற்றைத் தண்டவாளம்தான்!

விருதுநகர் - செங்கோட்டை சுமார் 130 கி.மீ. எங்கும் நிற்காமல் 110 வேகத்தில் போனால் 71 நிமிஷம், 130 வேகத்தில் 60 நிமிஷம். மிச்சம் 11. எதிரே வரும் வண்டிக்காக ஒரே ஒரு ஸ்டேஷனில் கால் மணி நேரம் கிராசிங் போட்டால்? மிச்சம் பிடித்தது போக, கையிலிருந்தும் 4 நிமிஷம் போச்சு :-)

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது தண்டவாளம். மதுரை - திருநெல்வேலி பாதைக்குப் போட்டார்களே. பணமில்லை என்றால், கிராசிங் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு அங்கே மட்டுமாவது லூப் லைன்.

சுவிட்சர்லாந்தில் 1987-இல் மக்களிடம் ஓட்டு வாங்கி ஆரம்பித்த 'ரயில் 2000' திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். முதலில் டைம்டேபிள், அதற்குத் தேவையான இடத்தில் மட்டும் புதுப் பாதை. சூரிச் - பெர்ன் பயணத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது சாதனைக்காக அல்ல, இரண்டு முனையிலும் அடுத்த வண்டியைப் பிடிக்க! இங்கே 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலி வந்தே பாரத் விருதுநகரில் நிற்கிறது. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ராஜபாளையம், சிவகாசி ஆட்களை ஒரு வண்டி கொண்டுவந்து இறக்கினால் போதும், பாதி ஆசை தீர்ந்தது.

இன்னொன்று. நாட்டுக்கே பட்டாசு செய்யும் ஊர், ஆனால் பயணி ஒருவர் ரயிலில் மத்தாப்புப் பெட்டி கொண்டுபோனால்கூடக் குற்றம். எனவே இந்தப் பாதையில் பயணி ரயில் மனிதர்களுக்குத்தான். அதில் பயர் ஆபீசுக்கு தினக்கூலிக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சென்னை எட்டு மணி நேரமா ஏழா என்பது விஷயமே இல்லை. காலை ஷிப்டுக்கு முன்னால் ஒரு வண்டி, சாயங்காலம் திரும்ப ஒன்று, அதுவும் பாசஞ்சர் கட்டணத்தில். கொரோனா சமயத்தில் பாசஞ்சருக்கு 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் சூட்டி, 10 ரூபாய் குறைந்தபட்ச டிக்கெட்டை 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழையபடி குறைந்தது. வேகத்தின் பெயரால் அந்த 30 திரும்பி வராது என்று எழுதித் தருவார்களா?