சாதியை ஒழிக்கப் போன நாகரிகம்

ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் எம். பேங்க்ஸ் 1987 முதல் 2012 வரை எழுதிய ‘கல்ச்சர்’ நாவல்களில் வரும் அதே பெயர்கொண்ட நாகரிகத்தில் பணம் இல்லை, பசி இல்லை. மனிதரைவிட அறிவு மிகுந்த இயந்திர மனங்கள் எல்லாவற்றையும் நடத்துகின்றன. அங்கேயே வாழப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் முதல் நாவலிலேயே பேங்க்ஸ் நம்மைக் கல்ச்சரின் எதிரியான ஹோர்சாவோடுதான் பயணம் செய்ய வைக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழ் வாசகரை உலுக்கக்கூடியது 2000-இல் வந்த ‘லுக் டு விண்ட்வர்ட்’. செல்கிரியர் என்ற இனத்தில் கொடிய சாதி அடுக்கு. அதைத் தகர்க்கக் கல்ச்சர் திரைமறைவில் அவர்களுடைய அரசியலில் தலையிடுகிறது. விளைவு உள்நாட்டுப் போர். பல நூறு கோடிப் பேர் சாகிறார்கள். கல்ச்சர் தன் தவற்றை ஒப்புக்கொள்கிறது. போரில் மனைவியை இழந்த குயிலன் என்ற படைவீரனுக்கு அந்த ஒப்புதல் எதைத் திருப்பித் தரும்?

கணக்குப் பார்த்தால் இத்தகைய தலையீடுகள் பெரும்பாலும் நன்மையில்தான் முடிகின்றன என்பது கல்ச்சரின் வாதம். இதை நான் ஏற்கவில்லை. சாதி ஒழியத்தான் வேண்டும், அதில் எனக்கு இம்மியும் ஐயமில்லை. ஆனால் அதன் கீழ் நசுங்கியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெளியிலிருந்து ரகசியமாகத் திட்டம் தீட்டுவது விடுதலை ஆகாது. அதுவும் ஓர் ஆதிக்கமே.

இந்த நாவல்கள் கடினமானவை. நண்பர்களோடு சேர்ந்து படியுங்கள், கல்ச்சரின் பக்கம் நின்று என்னோடு வாதாடவும் வாருங்கள்.