ஸ்கேன் செய்துவிட்டால் பத்திரமா?

பழைய ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அவை என்றைக்கும் பத்திரம்; மூலத்தை இனிக் கட்டிக் காக்கத் தேவையில்லை, படம் இருந்தாலே எல்லாம் இருக்கிறது, வேண்டியதைத் தேடல் எடுத்துக் கொடுத்துவிடும் என்ற எண்ணம் நம் அலுவலகங்களிலும் நூலகங்களிலும் வேரூன்றிவிட்டது. இதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. மூன்றும் தவறு என்பதற்குச் சான்று பழனி மலைத்தொடரிலேயே இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம், 1904 முதல் சூரியனை வெண்ணொளியில் படம்பிடித்து வருகிறது. கால்சியம் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் எடுத்த படங்கள் அதனுடன் சேர்ந்தன. ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இந்தப் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளையும் ஃபிலிம்களையும் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றியிருக்கிறது. அந்தப் பணியே மேற்சொன்ன மூன்று வாதங்களுக்கும் பதில் சொல்கிறது.

முதல் வாதம், படியெடுத்த பின் மூலம் தேவையில்லை என்பது. கால்சியம் படங்கள் முதலில் 8 பிட் அளவில் பதிவாயின. அதாவது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள் மட்டுமே. சூரிய வட்டின் நடுவிலும் விளிம்பிலும் உள்ள மெல்லிய ஒளி வேறுபாடுகளை அளக்க இது போதவில்லை. பிறகு 16 பிட்டில், 65,536 படிகளோடு, அதே தகடுகளை மறுபடி பதிவு செய்தார்கள். இப்போது ஒரு படத்தில் 4096க்கு 4096 பிக்சல்கள். ஒரே கோப்பு சுமார் 3.35 கோடி பைட். முதல் சுற்று முடிந்ததும் தகடுகளைக் கழித்துக் கட்டியிருந்தால் இந்த இரண்டாம் சுற்றே நடந்திருக்காது. எந்தப் படியும் அது எடுக்கப்பட்ட காலத்துக் கருவியின் எல்லைக்குள்தான் நிற்கும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டிய நாளில் மூலத்திடம்தான் திரும்ப வேண்டும்.

இரண்டாவது வாதம், படம் இருந்தால் எல்லாம் இருக்கிறது என்பது. ஆய்வாளனுக்கு நேரம் தெரியாத சூரியப் படம் அரைகுறைத் தகவல்தான். கால்சியம் படங்களுக்கு ஒளியைத் திருப்பிவிடும் சிடரோஸ்டாட் கண்ணாடி நகர நகர, தகட்டில் விழும் பிம்பமும் நாள் முழுக்கச் சுழல்கிறது. படம் எடுத்த நேரத்தை வைத்துத்தான் சூரியனின் வடக்கு எது என்று கணக்கிட முடியும். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு நாளில் சுமார் 13 பாகை சுழல்வதால், இந்திய நேரத்தை உலக நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி பிசகினாலே ஒரு சூரியப் புள்ளியின் இடம் 3 பாகை தள்ளிப் போகும். கொடைக்கானல் தொகுப்பை நுணுகி ஆராய்ந்தவர்கள் சில படங்களில் நேரமும் திசையும் பிழையாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டியிருந்தது. அந்தப் பிழைகள் படத்தில் இல்லை, படத்தைப் பற்றிய குறிப்பில் இருந்தன.

மூன்றாவது வாதம், ஒழுங்குபடுத்தாமலே தேடல் கண்டுபிடித்துவிடும் என்பது. சூரியப் படத்தில் சொற்கள் கிடையாது. உள்ளிட்ட குறிப்பைத்தான் தேடல் தேடும். ஒரு லட்சம் படங்கள் வரிசையின்றிக் கிடந்தால், ஒரு நாளின் படத்துக்காக ஒரு லட்சம் கோப்புகளைத் திறக்க வேண்டி வரலாம். தேதிவாரியாக அடைவு கட்டிய தரவுத்தளத்தில், பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போனால், 17 ஒப்பீடுகளில் அதே படம் கைக்கு வந்துவிடும். ஆனால் தரவுத்தளம் மட்டும் இருந்தாலும் ஆபத்துதான். குறிப்புகள் எல்லாம் அதில், கோப்புகள் வெறும் படங்கள் என்று பிரித்து வைத்தால், அது பழுதாகும் நாளில் அத்தனையும் பெயரற்ற படங்களாகிவிடும். வானியலாளர்கள் 1981 முதல் பயன்படுத்தும் ஃபிட்ஸ் கோப்பு வடிவம் இதற்கு வழி செய்கிறது. படத்துக்கு முன்னால், வரிக்கு 80 எழுத்தாக, தேதி, நேரம், பிக்சல் அளவு எல்லாம் வெறும் எழுத்தாகவே நிற்கும். தரவுத்தளம் போனாலும் இந்த வரிகளிலிருந்து அதை மறுபடி கட்டிவிடலாம். புதிய விதி எதுவும் பழைய ஃபிட்ஸ் கோப்பைச் செல்லாததாக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அந்த வடிவத்துக்கு உண்டு.

இவ்வளவு உழைப்பு எதற்கு, நாளை செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுமே என்று கேட்பார்கள். இயந்திரம் சூரிய வட்டின் விளிம்பைக் கண்டுபிடிக்கும், புள்ளிகளை எண்ணும், அடுத்தடுத்த நாள் படங்களை ஒப்பிட்டு நேரத்தை ஊகிக்கவும் செய்யும். அந்த ஊகம் சரிதானா என்று பார்க்க, நேரம் நிச்சயமாகத் தெரிந்த படங்கள் வேண்டும். அவை மனிதர்கள் அன்றன்றைக்கு எழுதி வைத்ததிலிருந்தே வருகின்றன. செலவு அதிகம் என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் குறிப்பைப் பிறகு தேடிச் சேர்ப்பது அப்போதே பதிவதைவிடப் பல மடங்கு கடினம். தமிழ்நாட்டில் ஓலைச்சுவடிகளும் பழைய இதழ்களும் பத்திரப்பதிவு ஆவணங்களும் கோப்புகளாகிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், எத்தனை பக்கம் ஸ்கேன் ஆயிற்று என்று கணக்குக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அதன் விவரம் இருக்கிறதா, அதிலிருந்து அடைவு கட்டப்பட்டதா, மூலம் எங்கே காக்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்காதவரை எந்தத் திட்டமும் முடிந்ததாகக் கையெழுத்திடக் கூடாது.