காய்ச்சலில் குழந்தை மயங்கினால்...



"ஃபுளூ காய்ச்சல்தானே, நான்கு நாளில் போய்விடும்" என்பது நாம் வழக்கமாய்க் கூறிக்கொள்ளும் ஆறுதல். பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தமட்டில் அது மெய்யே. எனினும், மிகச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்ட ஓரிரு நாட்களிலேயே மூளை வீக்கமுற்று, உயிருக்கே ஆபத்து நேரிடுகிறது.

இதன் மிகக் கொடிய வகையை 1995-ல் ஜப்பானிய மருத்துவர் மிசுகுச்சியும் அவருடைய குழுவினரும் விவரித்தனர். மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்னும் பகுதி இருபுறமும் சிதைந்துபோகிறது. பெரும்பாலும் கிருமி நேராக மூளைக்குள் புகுந்து இதைச் செய்வதில்லை. கிருமியை எதிர்த்து எழும் உடலின் தற்காப்பே அளவு மீறிக் கொந்தளித்துத் தீங்கு விளைவிக்கிறது. அமெரிக்காவில் 2023 முதல் 2025 வரை இந்நோயுற்ற 41 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில், 11 பேர் இறந்தனர். பெரும்பாலோர் அதுவரை நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்களே. அவ்வாண்டுக்குரிய தடுப்பூசி போட்டிருந்தவர்களோ மிகச் சிலர்.

ஆகவே, காய்ச்சலுற்ற குழந்தையைக் கண்ணுங் கருத்துமாய்க் கவனியுங்கள். வலிப்பு, எழுப்பியும் தெளியாத உறக்கம், தாயை அடையாளம் காணாமை, பொருந்தாப் பேச்சு, தள்ளாடும் நடை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள். மருத்துவர் கூறினாலன்றி ஆஸ்பிரின் தரலாகாது. மூளையையும் கல்லீரலையும் ஒருங்கே தாக்கும் 'ரை' நோய்க்கு அது துணைபோவதாக அறிந்து, 1980-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெற்றோர் எச்சரிக்கப்பட்டனர். அதன்பின் அந்நோய் மிக அரிதாயிற்று.

பிழைத்து வரும் குழந்தைகளுள் சிலர் முற்றும் குணமடைகின்றனர். வேறு சிலரோ விழுங்கவும், உட்காரவும், நடக்கவும், பேசவும் மறுபடி கற்க வேண்டியுள்ளது. உடற்பயிற்சி மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டும். நன்றாய் நடமாடும் பிள்ளைக்கும் மறதியும், கவனக் குறைவும், திடீர்ச் சினமும் இருக்கலாம். அதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கடிந்துகொள்ளாதீர்கள். ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி வையுங்கள். அண்ணனோடும் தங்கையோடும் ஒப்பிடாதீர்கள். நேற்றைய அவனோடு இன்றைய அவனை ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்றுத் தவறவிட்ட கரண்டியை இன்று அவன் தானே பிடித்து உண்டால், அந்த வீட்டுக்கு அதுவே பெருநாள்.