கரும்புக்காட்டுக் கடன்



பாயான் லெப்பாஸ்காரர்களுக்கு 2014இல் திறந்த பினாங்கின் இரண்டாம் பாலம் பழகிப்போன வழி. பத்து மாவுங்கில் ஏறி அக்கரையில் இறங்கினால் பத்து காவான். புதிய தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள், விடுமுறை நாளில் கூட்டம் தாங்காத ஐகியா. ஒரு காலத்தில் அது கரும்புக்காடு. பத்து காவான் முதல் நிபோங் திபால் வரை கரும்பு வெட்டிச் சுமந்தவர்களில் ஏராளமானோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள். பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டைக் கேட்டு பிஜித் தீவுப் பெண்களுக்காக உருகுகிறோம். அக்கரையிலேயே இருந்த கரும்புத் தோட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

அந்தத் தோட்டத்தின் கதையை அடிமை வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடிமை வரலாறா, அது ஆப்பிரிக்கர் கதை அல்லவா என்று சிலர் கேட்கலாம். நம் கதையும்தான். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை போரிலும் பஞ்சத்திலும் சீரழிந்தபோது, டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிப் போனார்கள். கஞ்சிக்கு வழியில்லாமல் தன்னையும் பெற்ற பிள்ளையையும் விற்றவர்கள் அதில் உண்டு. தஞ்சை வயல்களில் பறையர், பள்ளர் குடும்பங்களை நிலத்தோடு சேர்த்து விற்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. அந்தப் பழியை வெள்ளைக்காரன் தலையில் கட்ட முடியாது. அது நம் மிராசுதார்கள் செய்தது.

பினாங்கும் விலக்கல்ல. பிரான்சிஸ் லைட் 1786இல் கொடியேற்றிய தீவில் நியாஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1833இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு விலக்கு. அப்போது கல்கத்தாவின் ஆட்சியில் இருந்த பினாங்குக்கு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம்தான் வந்தது. அதன்பின் ஒருவரை அடிமை என்று சொல்லி நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது.

அதே காலத்தில்தான் சஞ்சிக்கூலி என்னும் ஒப்பந்தக்கூலி முறை வேர் பிடித்தது. கப்பல் கட்டணம், வழிச்சோறு, கையில் கொடுத்த முன்பணம் எல்லாம் ஆளின் பெயரில் கடனாக ஏறும். படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு. 1880களில் நாளுக்கு 12 முதல் 14 காசு கூலி. அதில் கடனுக்குப் பிடித்தது போக மிச்சம். காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. ஒப்பந்தத்தை மீறுவது உரிமையியல் வழக்கு என்று நினைப்போம். தோட்டத்தில் அது குற்றவியல் வழக்கு. இந்த ஒரு விதியைப் பார்த்தாலே அந்த ஒப்பந்தம் எந்த லட்சணம் என்று தெரிந்துவிடும். 1910இல் இந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அதுவரை மலாயா வந்த சஞ்சிக்கூலிகள் ஏறத்தாழ 2,50,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் சந்துவின் மதிப்பீடு.

இனி நம் பக்கத்துக்கே வருவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த வட்டாரம் சோறு போட்டது, மறுக்கவில்லை. இன்று ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பேருந்துக்கு வரிசையில் நிற்பவர்களில் நேபாளிகளும் வங்காளதேசத்தவரும் நிறைய. மலேசிய மின்னணுத் தொழிற்சாலைகளில் 501 தொழிலாளர்களிடம் பேசி வெரித்தே அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வு, 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பில் இருப்பதாகச் சொன்னது. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனும், கைக்கு எட்டாத கடப்பிதழும் அதற்கு முக்கியக் காரணங்கள். நம் பாட்டனைக் கட்டிப்போட்டதும் கடன்தான்.

நம் வாசகர்களில் மேற்பார்வையாளர்களும் மனிதவள அதிகாரிகளும் இருக்கிறீர்கள். உங்கள் பிரிவில் வேலை செய்பவரிடம் ‘கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொருவர் கடப்பிதழை அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கட்டாய உழைப்பு 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்திலும் தனிக் குற்றம். பழைய தோட்டக் குடும்பத்தார் யாரிடமாவது ஒப்பந்தத் தாளோ, சம்பளச் சீட்டோ, தாத்தா சொன்ன கதையோ இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்