பல்லித் தாய்க்கும் ஓய்வு வேண்டும்

பல்லி என்றதும் நம்மில் பாதிப் பேர் துடைப்பத்தைத் தேடுவோம். மீதிப் பேர் அது எந்தத் திசையில் சொல்லிற்று என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவோம். காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வேளை தவறாமல் தீனி கொடுத்து வளர்ப்பவர்களும் உண்டு என்றால் சிரிப்பீர்கள். ஆனால் வெளிநாடுகளில் நாய், பூனை மாதிரி இதுவும் ஒரு வளர்ப்புப் பிராணி. அங்கே குடித்தனம் நடத்தும் நம் பெண்களின் குழந்தைகளும் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்காகவும், பேறுகாலம் பார்க்க அங்கே போகிற அம்மா, சித்திமார்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகள் கனடாவில் இருக்கிறாள். அக்காவுக்கு மூட்டுவலி. அதனால் அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு நான் போய் ஆறு மாதம் இருந்தேன். மூத்த பையனுக்கு ஏழு வயது. அவன் வளர்ப்பது ஒரு ஜோடிப் பல்லி. கிரெஸ்டட் கெக்கோ என்று பெயர்.

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா என்ற தீவு. அடியோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்களாம். 1994-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். இப்போது கடைகளில் விற்பதெல்லாம் வீடுகளில் பொரித்து வளர்த்தவை. ஒரு சாண் நீளம், நாற்பது கிராம் எடை. கண்ணுக்கு மேலே மை தீட்டிய இமைமயிர் மாதிரி முள் வரிசை. ஆனால் மூடித் திறக்க இமை கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்! கண்ணாடியில் சர்ரென்று ஏறும். விரலடியில் பசை ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்ணிய மயிர்கள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. நம் வீட்டுப் பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கும். இதற்குப் போனால் போனதுதான். அதனால் குழந்தைகள் வாலைப் பிடிக்கவே கூடாது.

வளர்ப்பு ஒன்றும் பிரமாதமில்லை. ஏறுகிற பிராணி ஆகையால் பெட்டி உயரமாக இருக்கவேண்டும். ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம், உள்ளே குச்சிகளும் இலைகளும். அடியில் பரப்புவது நாம் செடிக்குப் போடும் தேங்காய் நார்த்தூள்தான். சாயங்காலம் இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற மாதிரி பாட்டிலால் தெளித்துவிட்டு, பகலில் காயவிட வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சைக்காளான் பிடிக்கும். பழமும் சத்தும் சேர்த்துப் பொடியாகவே விற்கிறார்கள். தண்ணீரில் கூழாகக் கரைத்து இரவில் வைத்தால் நக்கிக்கொள்ளும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கால்சியம் பொடியில் புரட்டிய சுவர்க்கோழிப் பூச்சி. சூடு 22-லிருந்து 26 டிகிரி போதும். 28-ஐத் தாண்டினால் வாடிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இது தாங்காது. இங்கே ஆசைப்பட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போனபோது அக்கா மகளுக்கு எட்டாம் மாதம். டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தார். பெட்டியில் இருந்த பெண் பல்லியோ இடுப்பு ஒட்டி, வால் அடி சூம்பி இருந்தது. இந்தப் பல்லி ஒருமுறை சேர்ந்தால் போதும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு இரண்டாக முட்டையிடும். வருஷத்தில் எட்டு மாதம்கூட இப்படியே போகும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? தாயின் உடம்பிலிருந்துதான். வாயின் மேலண்ணத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சத்தைச் சேமித்து வைக்கும் பை உண்டு. அது தீர்ந்தால் எலும்பிலிருந்து உருவும். பிறகு கால் நடுங்கும், தாடை வளையும், ஏறமுடியாமல் விழும். அந்த நிலைக்கு விட்டுவிட்டால் மீட்பது கடினம்.

பையனுக்கோ இன்னும் குஞ்சு வேண்டும் என்று ஆசை. "பாட்டி, பெரிய பெட்டி வாங்கினா பத்துக் குஞ்சு வளர்க்கலாம்" என்றான். அவன் அம்மா பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்கு எதுக்குடா மாத்திரை குடுத்திருக்காங்க?" என்று கேட்டாள். "பாப்பாவுக்கு எலும்பு வளர." "பல்லிக்கு மாசா மாசம் ரெண்டு பாப்பா. அது யாருகிட்ட போய் மாத்திரை கேக்கும்?" பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவனே, "ஆணைத் தனியா வச்சிடலாம்மா" என்றான். அன்றே வேறு பெட்டி வந்தது.

ஆணைப் பிரித்ததும் முட்டை நின்றுவிடாது. வித்தைப் பெண் பல்லி உடம்பிலேயே சேமித்து வைத்திருப்பதால் சில மாதம் தொடரும். ஆகவே பிரித்தபிறகும் கால்சியம் கொடுத்துவரவேண்டும். அந்தப் பொடியில் டி-3 வைட்டமின் இருந்தால் அளவு மீறக்கூடாது. குஞ்சு பொரிக்க நினைப்பவர்கள் பெண்ணுக்கு ஒன்றரை வயதும் 35 கிராம் எடையும் ஆகும்வரை ஆணுடன் விடாதீர்கள். வருஷத்தில் மூன்று நாலு மாதம் கட்டாய ஓய்வு கொடுங்கள். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் போட்டால் கடித்துக்கொள்ளும்.

முட்டையை ஈர நார்த்தூளில் புதைத்து வைக்கும். எடுத்து வேறு டப்பாவில் வைக்கும்போது மேல்பக்கம் மேலாகவே இருக்கவேண்டும். கோழி முட்டை மாதிரி புரட்டினால் உள்ளே கரு கெட்டுவிடும். அதே 22-26 டிகிரியில் இரண்டு மாதத்திலிருந்து நாலு மாதத்துக்குள் பொரியும். குஞ்சு இரண்டு கிராம்கூட இருக்காது. முதல் தோலை உரித்துத் தானே தின்றுவிடும்; சில நாள் தீனி தொடாது. பயப்படவேண்டாம்.

இப்போது கைக்குழந்தை விஷயம். பல்லி பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் கழிவில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போகும். பச்சைக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இவற்றைத் தொடவே கூடாது என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் ஒதுங்கியிருப்பது நல்லது. அங்கே நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது:

பெட்டி பையன் அறையிலேயே இருக்கும். குழந்தை படுக்கும் அறைக்கும் சமையலறைக்கும் வராது.

பெட்டி சுத்தம் செய்வது மாப்பிள்ளை. கிண்ணங்களைச் சமையல் தொட்டியில் கழுவக்கூடாது; அதற்குத் தனி வாளி, தனி பிரஷ்.

பல்லியைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் குழந்தையைத் தூக்கலாம். முத்தம் கொடுப்பதெல்லாம் கிடையாது.

சட்டம் கடுமைதான். ஆனால் பையன் ஒரு நாளும் மீறவில்லை. "பாட்டி, கை கழுவினீங்களா?" என்று என்னையே பிடித்துவிடுவான்!

வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பிராணி பதினைந்து இருபது வருஷம் இருக்கும். ஏழு வயதில் வாங்கிக் கொடுத்தால் பையன் கல்லூரி முடிக்கும்வரை கூழ் கரைக்கவேண்டும். அவன் விடுதிக்குப் போனால் அந்த வேலை அம்மா தலையில். ஒரு ஜோடி ஒரே வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு குஞ்சு கொடுத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு தேடவேண்டும். வாங்கிக்கொள்பவர் யார் என்று தெரிந்த பிறகே ஆணையும் பெண்ணையும் சேர்த்து வையுங்கள். ஒன்றே ஒன்று போதும் என்றால் இன்னும் உத்தமம். இது தனியாகவே சந்தோஷமாக இருக்கும்.

உங்கள் பெண்ணோ மருமகளோ வெளிநாட்டில் இருந்து, பேரப்பிள்ளை பல்லி கேட்கிறான் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். தாய்ப் பல்லிக்கு ஓய்வு, தொட்ட கைக்கு சோப்பு, இந்த இரண்டையும் மட்டும் மறக்காமல் போனில் சொல்லிவிடுங்கள்.